மெரீனாவின் மணல்

சென்னைக் கடற்கரைக்கு வழங்கும் மெரீனா என்னும் பெயர் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884-இல் இங்கு ஓர் உலாச்சாலையை அமைத்தபோது, தாம் முன்பு சிசிலித் தீவில் கண்டிருந்த பலெர்மோ துறைமுகத்தின் உலாவிடத்தை நினைவுகூர்ந்து, அதன் பெயரையே இதற்கும் சூட்டினார். கடற்காற்று வாங்கவும், ஒருவரையொருவர் கண்டு தாமும் பிறரால் காணப்பட்டுத் திரும்பவும் மேன்மக்கள் கூடும் இடமாகவே அந்நாளில் அது எண்ணப்பட்டது. இன்று அதே மணலில் செல்வரும் வறியரும் ஒரே சுண்டலை வாங்கித் தின்கின்றனர் என்பது, ஆளுநர் எண்ணிப் பாராத சிறப்பு.

பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த செய்திதான். மணல் எங்கிருந்து வந்தது என்பதைப் பலரும் கேட்பதில்லை. அதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன். ஆயினும் பலெர்மோவையும் அதன் அண்டை நகர்களையும் சற்றே சுற்றிக்கொண்டுதான் அங்கே வரவேண்டியிருக்கிறது.

மத்தியதரைக் கடலோரத்துச் செல்வத் துறைமுகங்களில் ஒரு நாள் முழுவதும் கால்நடையாய்த் திரிவது உலகெங்கும் பலர் விரும்பும் இன்பம். கப்பல்களில் வேலை செய்யும் நம் வடசென்னை இளைஞர்கள் விடுப்பில் வீடு திரும்பும்போது அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் இறங்கினால் மாலைவரை அலுக்காமல் நடக்கலாமாம். ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய பழைய வீடுகள், மேட்டின்மேல் ஒரு கோயில், துறையில் வரிசையாய் வெள்ளை உல்லாசப் படகுகள். காசிமேட்டில் பிறந்த ஒருவர், எல்லாவற்றிலும் தாம் வியந்தது எது என்று கேட்டபோது, "துறைமுகம்னு பேரு. மீன் வாடையே இல்ல சார்" என்றார்.

அவர் வியந்ததில் பொருளிருக்கிறது. வாடை இல்லாத துறைமுகம் தானாக அமைவதில்லை. வாடையை எங்கேனும் அனுப்பியாக வேண்டும். கொலம்பசின் கடற்பயணத்திற்கு 500 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி 1992-இல், ஜெனோவாவின் பழைய துறையை அந்நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அழகிய உலாவிடமாக மாற்றியமைத்தார். சரக்குப் பெட்டகங்களின் வேலை நகரின் நடுவிலிருந்து விலகி, மேற்கே வோல்த்ரிப் பக்கம் வளர்ந்தது. பிரான்சின் நீஸ் நகரக் கதை இன்னும் பழையது. அங்கே 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்று புகழ்பெற்ற கடலோரப் பாதை, 1820-களின் தொடக்கத்தில் பிறந்தது. ஒரு கடுங்குளிர் காலத்தில் வேலையிழந்து பசியோடு திரண்ட ஏழைகளுக்குப் பிச்சையிடுவதை விட வேலை கொடுப்பது மேல் என்று கருதி, அங்குக் குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த ஆங்கிலேயர் பணம் திரட்டிக் கடலோரம் ஒரு பாதையை வெட்டச் செய்தனர். லூயிஸ் வே என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு அதில் முன்னின்றார். இரக்கத்திலிருந்து பிறந்த பாதைதான் அது, மறுப்பதற்கில்லை. ஆயினும் பாதைக்குப் பெயர் உலாவியவர்களுடையது. வெட்டியவர்களுடையது அன்று.

கண்ணுக்கினிய ஓரிடத்தைக் கண்டு மகிழ்கிறவர், அவ்விடம் அவ்வாறு அமைவதற்காக எதையேனும் இழந்தவர்களுக்குக் கடன்பட்டவரா? இதை நீஸ் நகரத்தாரிடம் கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. கேள்வி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே ஆட்களையும் பொருள்களையும் அலை கடத்திக் கரைசேர்த்தன. 1870-களில் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881-இல் வீசிய புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். நம் கரையோரமாய் ஆண்டு முழுவதும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகரும் அம்மணலில், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. குறுக்கே எழுந்த துறைமுகச் சுவர் அந்த நகர்வைத் தடுத்தது. தடைப்பட்ட மணல் தெற்கே தங்கியது. அதனால் மெரீனா ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கே அலை முன்போலவே அரித்தது. அரித்ததை ஈடுசெய்ய வேண்டிய மணலோ வரவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது; வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் சென்றன. இன்று அங்கே மணற்கரை என்று சொல்லத்தக்கது சில துண்டுகளே. எஞ்சியது கருங்கல் குவித்த தடுப்பு.

ஆகவே மெரீனாவில் நாம் காலாற நடக்கும் மணலில் ஒரு பகுதி, இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் சென்றிருக்க வேண்டியது. இது உவமை அன்று. கடற்பொறியியல் அறிந்தோர் அனைவரும் ஒப்பும் உண்மை.

இதைச் சொன்னவுடன் நல்லவர்கள் பலர் முகம் சுளிக்கக் கண்டிருக்கிறேன். "துறைமுகத்தை நானா கட்டினேன்? மாலையில் சற்றுக் காற்று வாங்கப் போவதும் ஒரு பாவமா?" என்கின்றனர். பாவமில்லை. இங்கே குற்றத்தையும் கடனையும் பிரித்தறிய வேண்டும். பெருவெள்ளம் ஒன்று இரவில் வந்து, மேற்கே இருப்பவனுடைய வைக்கோற்போரை அடித்துக்கொண்டு வந்து என் களத்தில் சேர்த்துவிட்டுப் போனதாக வைத்துக்கொள்வோம். நான் திருடனல்லன், வெள்ளத்தை அழைத்தவனும் அல்லன். ஆயினும் விடிந்தபின், அந்த வைக்கோலை என் மாடுகளுக்கு நான் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்க, அவனுடைய மாடுகள் வேலிக்கு அப்பால் பட்டினி நின்றால், என்னைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? குற்றம் செய்தவர் இறந்தால் குற்றம் அவரோடு போகும். கடனோ, பொருளை யார் துய்க்கிறாரோ அவரோடு இருக்கிறது. 1870-களின் பொறியாளர்கள் வடகரையை அழிக்க எண்ணியவர்கள் அல்லர். அவர்களைப் பழித்துப் பயனுமில்லை. மணல் மட்டும் இன்றும் நம் பக்கமே இருக்கிறது.

மணலைத் தனி மனிதர் எவரும் கூடையில் அள்ளித் திருப்பிக் கொடுக்க இயலாது. அப்படியானால் இந்தக் கடனின் முதல் தவணை என்ன? குறைந்தது, போய்ப் பார்ப்பது என்று எனக்குப் படுகிறது. அந்த எண்ணத்தோடுதான் ஒருநாள் நண்பர் இருவரும் நானும் இராயபுரத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை கடலோரமாய் நடந்தோம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

வடசென்னை பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடம் என்று எண்ணுவது அறியாமை. இராயபுரம் என்ற பெயரே இராயப்பருடையது. பேதுருவை நம் முன்னோர் அப்படித்தான் அழைத்தனர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம், மசூலாப் படகோட்டிய சமூகத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் உழைப்பின் காசில் எழுப்பியது. சற்றுத் தள்ளி இராயபுரம் தொடர்வண்டி நிலையம்; தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தைப் போன்ற ஒரு காட்சி நீஸ் நகரில் கிடைக்காது என்று துணிந்து கூறுவேன். திருவொற்றியூரில் தியாகராசர் கோயில். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினம் என்னும் பெருஞ்செல்வத் துறைமுகத்தின் வணிகர், அனைத்தையும் துறந்து அலைந்து, இறுதியில் வந்து அடங்கிய கரை இதுவென்பது மரபு. அந்தச் சமாதிக்கும் இன்று அலைக்கும் இடையே கருங்கல்தான் காவல்.

எண்ணூரும் ஒரு காலத்தில் உல்லாச இடமே. கும்பினியார் காலத்து வெள்ளையர்கள் நகரின் புழுக்கம் தாளாமல், ஆறும் உப்பங்கழியும் கடலும் கூடும் இவ்விடத்தில் மாளிகைகள் அமைத்து, படகு விட்டு, மீன் தின்று இளைப்பாறினர். இன்று நாம் எர்ணாவூரைத் தாண்டிச் சென்றால் பெட்டகம் ஏற்றிய வண்டிகளின் முடிவில்லாத வரிசை, அதற்கப்பால் புகைபோக்கிகள். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம் கழிமுகத்திற்கு அப்பால் நிற்கிறது. அதன் சாம்பற் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து பல ஆண்டுகளாய்க் கொசத்தலையாற்றில் படிந்திருக்கிறது. ஆற்றின் ஆழம் குறைந்தது. கையால் துழாவி இறால் பிடித்தவர்கள் இடுப்பளவு நீரில் நின்ற இடத்தில் முழங்காலளவே நீர்.

இங்கே நிலக்கரியின் கதையையும் சொல்லியாக வேண்டும். அது மணலின் கதையை விடக் கடினமானது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் கையாளப்பட்ட காலத்தில், கரும்புழுதி இராயபுரம் வீடுகளிலும் பாரிமுனை அலுவலகங்களிலும் உயர்நீதிமன்ற வளாகத்திலும் படிந்தது. வழக்குத் தொடரப்பட்டது. 2011 அக்டோபர் முதல் நாள் தொட்டு அங்கே அவற்றைக் கையாளக்கூடாது என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. தீர்ப்பைக் குறைகூற நான் துணியேன். இராயபுரத்துக் குழந்தைகளும் அந்தப் புழுதியைத்தானே மூச்சில் இழுத்தனர்? அவர்களுக்கு விடிவு கிடைத்தது நியாயம். எண்ணூரில் 2001 முதலே நிலக்கரிக்கெனத் துறைமுகம் இருந்தது. அங்கே கையாளும் முறையும் மேம்பட்டது என்பர். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று உறுத்துகிறது. அந்நாளில் நகரில் நம்மவர் அனைவரும் "அப்பாடா, போயிற்று" என்றோம். எங்கே போயிற்று என்று உரக்கக் கேட்டவர் மிகச் சிலர். பொருள் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். புழுதிக்கும் அது பொருந்தும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நகரின் பாதுகாப்பான பகுதிகளில் பேணி வளர்த்த பசுமை இருப்பதையும், சமூகம் வேண்டாமென ஒதுக்கியவர்கள் வாழும் மறைவான பகுதிகளில் அது இல்லாததையும் சுட்டிக்காட்டுகிறார். 'மறைவான' என்னும் சொல்லே அங்கு முக்கியம். எண்ணூர் மலைக்குகையில் இல்லை. சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறநகர் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சேர்ந்துவிடலாம். அதை மறைத்திருப்பது தொலைவு அன்று.

முகத்துவாரக்குப்பத்தை நாங்கள் அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெயருக்கேற்ப அது ஆற்றின் வாயிலேயே இருக்கும் ஊர். படகுகள் கரையேறியிருந்தன. வாசலில் அமர்ந்து வலையிலிருந்து குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த வயதான பெண்மணி ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் பாக்க வந்தீங்க?"

சும்மா நடந்து வந்தோம் அம்மா, ஊரைப் பார்க்கலாமென்று, எனச் சொன்னேன்.

"எண்ணெ வந்தப்போ வந்தாங்க. ரொம்பப் பேரு. போட்டோ புடிச்சாங்க. வீட்டுக்குள்ளாறகூட வந்து புடிச்சாங்க. பாத்துட்டுப் போயிட்டாங்க." பிறகு, "எங்கேந்து வர்றீங்க?" என்றார்.

மயிலாப்பூர் என்றேன்.

"அங்க பீச்சு நல்லா இருக்குமே."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளபடியே சொன்னார். தண்ணீர் கொடுத்தார், குடித்தோம்.

அவர் குறிப்பிட்டது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்து கழிமுகத்தில் பரவிய எண்ணெயை. வீடுகளின் சுவரிலும் படகிலும் வலையிலும் அது ஒட்டியது. மீனவர்களே படகில் சென்று, கையால் அள்ளினர். அம்மாதம் முடியுமுன், 26-ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிய, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். அதற்கு முன் 2017 ஜனவரி 28-இல் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் சிந்திய எண்ணெயை, எர்ணாவூர்க் கரையில் தொண்டர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. நாடே பார்த்தது என்பதுதான் சிக்கல்.

போய்ப் பார்ப்பதே கடனின் முதல் தவணை என்று மேலே எழுதினேன். அந்தப் பெண்மணியின் சொல் அதைச் சற்றே திருத்தச் சொல்கிறது. மத்தியதரைக் கடலோரத்து ஹிப்போ என்னும் துறைமுக நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், தம் மனமாற்ற வரலாற்றை எழுதிய நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் இச்சையைப் பற்றி நுட்பமாய் ஆராய்கிறார். மலையையும் கடலையும் வியந்து பார்க்கப் போகிறவர்கள் தம்மையே மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. 1336-இல் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, வாந்தூ என்னும் மலையுச்சியில் காட்சியில் மயங்கி நின்றபோது கையிலிருந்த அந்நூலைத் திறக்க அப்பகுதியே கண்ணில் பட்டு நாணினார் என்பது தெரிந்த கதை. ஆனால் பெத்ரார்க்கா கண்ட பகுதியைவிட, அதற்குச் சற்றுப் பின்னால் வருவது நமக்கு நெருக்கமானது. அழகை நாடுவது கண்ணின் இயல்பு. ஆனால் சிதைந்து கிடக்கும் ஒரு பிணத்தைப் பார்க்கவும் மக்கள் கூட்டமாய் ஓடுகிறார்களே, அதில் என்ன இன்பம் என்று அகுஸ்தினார் கேட்கிறார். அறிய வேண்டும் என்ற ஆசைக்குள் ஒளிந்திருக்கும் நோய் அது என்கிறார். எண்ணெயில் தோய்ந்த பறவையின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து, அடுத்த படத்திற்கு விரலை நகர்த்தும் நாம் அவர் அறிந்த மனிதர்களே.

ஆக, அழகிய கரையில் ஒருவகை மறதியும், அழிந்த கரையில் வேறொருவகை இச்சையும் நம்மைப் பிடிக்கக் காத்திருக்கின்றன. இரண்டாவதே கொடியது என்று கருதுகிறேன். மெரீனாவில் மகிழ்கிறவர் யாரையும் அவமதிப்பதில்லை. ஒருவருடைய துன்பத்தைக் காட்சியாக்குகிறவரோ, அவரிடம் எஞ்சியிருக்கும் ஒன்றையும், அதாவது தம் வீட்டு வாசலில் பிறர் கண்ணுக்குப் படாமல் அமர்ந்திருக்கும் உரிமையையும், எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் போகாமலே இருப்பது மேலா? நல்ல சமாரியர் உவமையை இதை மனத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியர் கண்டார். கிரேக்க மூலத்தில் மூவருக்கும் லூக்கா ஒரே வினைச்சொல்லையே இடுகிறார். பார்வையில் மூவருக்கும் வேறுபாடு சொல்லப்படவில்லை. வேறுபாடு கால்களில் இருக்கிறது. இருவர் விலகிப் போக, ஒருவர் அருகில் போனார். இன்னொன்றும் உண்டு. சமாரியர் அவ்வழியே தம் வேலையாய்ப் போய்க்கொண்டிருந்தவர். துன்பத்தைத் தேடிப் பார்க்கக் கிளம்பி வந்தவர் அல்லர். பயணத்தில் எதிர்ப்பட்டதைத் தம் பயணத்தின் பகுதியாக்கினார். சத்திரக்காரரிடம் பணத்தையும் வாக்கையும் விட்டுச் சென்றார். திரும்பி வருவேன் என்று சொன்னார் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திரும்பி வருவதாய்ச் சொல்லும் சுற்றுலாப் பயணி எவர்?

பார்க்கப்படுகிறவர் திரும்பிப் பார்க்கவும், "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்கவும், அதற்கு நாம் விடை சொல்லவும் இடமிருந்தால், அது வேடிக்கை பார்த்தல் ஆகாது. மயிலாப்பூர் என்று சொன்னபோது நாங்கள் மெரீனாவின் மணலையும் கையோடு கொண்டுவந்து அவர் வாசலில் வைத்தவர்கள் ஆனோம். பேச்சு அதன்பிறகுதான் பேச்சாயிற்று. கடல் முன்பு எங்கே இருந்தது, எந்தக் கோயில் தண்ணீருக்குள் போயிற்று, கழிமுகத்தில் மணல் மேடிட்டால் படகு எப்படி வெளியே போகும் என்றெல்லாம் அவரும் அக்கம்பக்கத்தாரும் சொல்லத் தொடங்கினர். அவர்கள் கேட்ட கேள்விகளும் இருந்தன. பலவற்றுக்கு எங்களிடம் விடையில்லை. "இன்னொரு துறைமுகத்தப் பெருசாக்கப் போறாங்களாமே, அப்போ மண்ணு எந்தப் பக்கம் போவும்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். காட்டுப்பள்ளியைச் சொன்னார். 1870-களில் இக்கேள்வியைக் கேட்க மீனவருக்கு மன்றம் எதுவும் இல்லை. இன்று பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. அங்கே கேள்வி கேட்கச் செல்பவர்கள் பெரும்பாலும் கரையை இழக்கப் போகிறவர்களே. மணலைப் பெறப்போகும் பக்கத்திலிருந்தும் நாலு பேர் போய் அமர்ந்து அதே கேள்வியைக் கேட்டால், அதிகாரிகள் சற்று வேறுவிதமாய் நிமிர்ந்து அமர்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் பங்குகளிலிருந்து மறைக்கல்வி மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சாந்தோமுக்கும் மெரீனாவுக்கும் அழைத்து வருகிறார்கள். வரட்டும், பிள்ளைகள் அலையில் காலை நனைத்துக் குதிப்பதை விட நல்ல செபம் எனக்குத் தெரியாது. மறுநாள் ஒன்று மிச்சமிருந்தால், மூத்த பிள்ளைகளை மட்டுமாவது வடக்கே கூட்டிச் செல்லலாம். நான்கு மணிக்கே எழுப்பினால்தான் காசிமேட்டு ஏலத்தைப் பிடிக்க முடியும். இராயபுரம் ஆலயத்தில் காலைத் திருப்பலி, பிறகு நடை. முழுத் தொலைவும் நடக்க முடியாதவர்கள் திருவொற்றியூரில் வண்டி ஏறி எண்ணூரில் இறங்கலாம். கைப்பேசிகளை ஆசிரியர் ஒருவர் பையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மீன் வாங்கக் கொஞ்சம் காசு எடுத்துக்கொள்ளட்டும். பேரம் பேசத் தெரியாவிட்டால் அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள். ஏதாவது ஒரு வாசலில் யாராவது அவர்களை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆசிரியர் குறுக்கிடாமல், பிள்ளைகளே விடை சொல்லட்டும்.